காய்கறி உண்ண வைப்பதை எப்படி அளப்பது?

கேள்வி: நான் மனையியல் முதுநிலை மாணவி. மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளைக் காய்கறி சாப்பிட வைக்கப் பெற்றோர் என்ன செய்கிறார்கள் என்பதே என் ஆய்வு. ‘காய் சாப்பிட ஊக்கப்படுத்துகிறீர்களா?’ என்று கேட்டால் எல்லாத் தாய்மாரும் ‘ஆமாம்’ என்கிறார்கள். வேறு எப்படிக் கேட்பது?
– வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: நோட்டும் பேனாவுமாக எதிரில் உட்கார்ந்து கேட்பவரிடம் ‘இல்லை’ என்று சொல்ல எந்தத் தாய்க்கும் மனம் வராது. ஆகவே அந்தக் கேள்வியை விட்டுவிட்டுச் செயல்களைக் கேளுங்கள். ‘காயைச் சாப்பிட்டால்தான் டிவி என்று போன வாரம் எத்தனை நாள் சொன்னீர்கள்?’, ‘குழந்தையோடு உட்கார்ந்து அதே பொரியலை நீங்களும் எத்தனை நாள் சாப்பிட்டீர்கள்?’ என்று நாள்கணக்கில் கேட்டால், வீட்டுக்கு வீடு உள்ள வேறுபாடு தெரியத் தொடங்கும்.

வற்புறுத்துவது, ஆசை காட்டுவது, தாமே முன்னால் உண்டு காட்டுவது, இரண்டு காய்களில் ஒன்றைக் குழந்தையே தேர்ந்தெடுக்க விடுவது ஆகிய அனைத்தையும் பெற்றோர் ஊக்கம் என்றே கருதுகிறார்கள். ஆனால் விளைவு ஒன்றல்ல என்பதால், இவற்றைக் கூட்டி ஒரே மதிப்பெண்ணாக்கிவிடக் கூடாது. 2006-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சூப்பைக் குடித்து முடிக்கும்படி வற்புறுத்தப்பட்ட சிறு குழந்தைகள், வற்புறுத்தாதபோது குடித்ததைவிடக் குறைவாகவே குடித்தார்கள்.

குழந்தைகளின் உணவுப் பழக்கத்தை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் லியேன் பர்ச்சின் குழுவினர், பெற்றோர் உணவூட்டும் முறை பற்றி 2001-இல் வெளியிட்ட வினாப்பட்டியல் வற்புறுத்தல், கட்டுப்படுத்தல், கண்காணித்தல் ஆகியவற்றைத் தனித்தனியே அளக்கிறது. நல்ல கருவிதான், ஆனால் அதை அப்படியே தமிழாக்கிப் பயன்படுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. நம் வீடுகள் பலவற்றில் இந்த வயதுக் குழந்தைக்கு ஊட்டித்தான் விடுகிறார்கள். சாம்பாரில் வெந்த முருங்கைக்காயின் சதையை வழித்துச் சோற்றோடு பிசைந்து, குழந்தை செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாயில் வைக்கிறார்கள். காய் உள்ளே போய்விடுகிறது. எந்தக் காயைத் தின்றோம் என்பது குழந்தைக்குத் தெரிவதில்லை. இதற்குத் தனி வினா வேண்டும். ஊட்டுபவர் ஆயாவாக இருந்தால் அவரிடமும் கேட்க வேண்டும்.

‘வேண்டாம் என்று துப்பிய காயை மறுபடி எத்தனை முறை கொடுத்துப் பார்த்தீர்கள்?’ என்பதையும் சேருங்கள். புதிய காய் ஒன்று பழகப் பத்து முறைக்கு மேலும் ஆகலாம் என்று ஆய்வுகள் காட்டியிருக்க, பலர் இரண்டு மூன்று முறையிலேயே விட்டுவிடுகிறார்கள்.

குழந்தை சாப்பிடும் அளவைத் தனியாகக் குறியுங்கள். இரண்டு முதல் ஐந்து வயது வரை காய்கறியும் பழமுமாக நாளுக்குக் குறைந்தது 250 கிராம் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2023 பரிந்துரை. அளவு குறைந்திருப்பதற்கு வற்புறுத்தல்தான் காரணம் என்று உடனே எழுதிவிடாதீர்கள். சாப்பிட மறுக்கும் குழந்தையைத்தான் பெற்றோர் அதிகம் வற்புறுத்துகிறார்கள் என்பதும் உண்மை. சில மாதங்கள் கழித்து அதே வீடுகளில் மீண்டும் கேட்டால் எது முந்தியது என்பது ஓரளவு விளங்கும். சில வீடுகளிலாவது ஒரு வேளைச் சாப்பாட்டை நேரில் இருந்து பார்த்து, சொன்ன பதிலோடு ஒப்பிடுங்கள்.