ஜி.ஐ. பில் சலுகையை மனைவிக்கு மாற்றுவது: எதை முதலில் செய்ய வேண்டும்?

கேள்வி: என் கணவர் அமெரிக்கத் தரைப்படையில் சேர்ந்து 7 ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய ஜி.ஐ. பில் சலுகையில் (படைவீரர்களுக்கு அரசு தரும் கல்வி உதவி) நர்சிங் படிக்கலாம் என்று முன்னாள் படைவீரர் நலத்துறையான வி.ஏ.வுக்கு விண்ணப்பித்தேன், தகுதி இல்லை என்று பதில் வந்தது. அவர் அடுத்த ஆண்டு பணியிலிருந்து விலக நினைக்கிறார். இனி என்ன செய்வது?

பதில்: முதல் படியை விட்டுவிட்டு இரண்டாம் படியில் கால் வைத்திருக்கிறீர்கள். சலுகையை மாற்றித் தருவது வி.ஏ. அல்ல, பாதுகாப்புத் துறை. உங்கள் கணவர் அந்தத் துறையின் மில்கனெக்ட் (milConnect) இணையதளத்தில் நுழைந்து, 36 மாதச் சலுகையில் உங்களுக்கு எத்தனை மாதம் என்று குறித்து அனுப்ப வேண்டும். படைவீரர்களின் குடும்பத்தினரைப் பதிந்து வைக்கும் டீர்ஸ் (DEERS) பதிவில் உங்கள் பெயர் இருந்தால்தான் அந்தப் பட்டியலில் தெரிவீர்கள். படைப்பிரிவு ஒப்புதல் தந்த பிறகே நீங்கள் சலுகையைப் பயன்படுத்தக் கோரும் 22-1990E படிவத்தை வி.ஏ.வுக்கு அனுப்பலாம். ஒப்புதல் கடிதத்தைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் அவர் பணியில் இருக்கும்போதே செய்தாக வேண்டும். விலகிய பின் புதிதாக மாற்ற முடியாது. 6 ஆண்டுப் பணி முடிந்துவிட்டதால் அந்தத் தகுதி அவருக்கு இருக்கிறது. சிக்கல் அடுத்த நிபந்தனையில்: விண்ணப்பித்த நாளிலிருந்து இன்னும் 4 ஆண்டு பணியாற்ற ஒப்புக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே செய்த 7 ஆண்டு இதில் சேராது. பணி ஒப்பந்தம் அதற்குள் முடிவதாக இருந்தால், முதலில் அதை நீட்டிக்க வேண்டும்; இல்லாவிட்டால் விண்ணப்பம் திரும்பி வரும்.

விண்ணப்பித்துவிட்டு அடுத்த ஆண்டே விலகலாமே என்று தோன்றும். வேண்டாம். மரணம், பணியால் வந்த உடல் ஊனம் போன்ற சில விலக்குகள் தவிர, 4 ஆண்டு நிறைவேறாவிட்டால் உங்கள் படிப்புக்குத் தந்த பணம் முழுவதும் திருப்பிக் கட்ட வேண்டிய கடனாகிவிடும். முழுநேரப் பணி இனி வேண்டாம் என்றால், இடைவெளி விடாமல் செலக்டட் ரிசர்வுக்கு (பகுதிநேரமாகப் பணியாற்றும் துணைப்படை) மாறி மீதிக் காலத்தை அங்கே கழிக்க முடியுமா என்று பிரிவின் கேரியர் கவுன்சிலரிடம் (பணி நீட்டிப்பு ஆலோசகர்) கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

ஒப்புதல் வந்ததும் நீங்கள் உடனே படிக்கத் தொடங்கலாம். அரசுக் கல்லூரியில் அந்த மாநிலத்தவருக்கான கட்டணம் முழுவதும், புத்தகங்களுக்கு ஆண்டுக்கு 1,000 டாலர் வரை கிடைக்கும். ஆனால் அவர் முழுநேரப் பணியில் இருக்கும்வரை மனைவிக்கு மாதாந்திர வீட்டுப்படி கிடையாது. உங்களுக்குக் குறித்த மாதங்கள் மட்டும் அதே வேகத்தில் கரையும். வாடகை அதிகமுள்ள ஊரில் வீட்டுப்படியே பெருந்தொகை. கல்லூரிக் கட்டணம் குறைவாக இருந்து, படிப்புக்கு அவசரமும் இல்லையென்றால், அவர் விலகும்வரை பொறுத்திருப்பதே லாபம் என்பது என் கணக்கு. 2013 ஜனவரி 1-க்குப் பின் பணி முடிப்பவர்களின் மனைவிக்குக் காலக்கெடு இல்லை.

விவாகரத்து ஆனாலும் மாற்றிய சலுகை தானாக ரத்தாகாது. ஆனால் பயன்படுத்தாத மாதங்களை அவர் எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இதைப் பிரித்துக்கொள்ளும் சொத்தாகச் சட்டம் கருதுவதில்லை.

குழந்தைகள் இருந்தால், இப்போதே ஒவ்வொருவர் பெயரிலும் 1 மாதமாவது போடச் சொல்லுங்கள். பணி முடிந்த பின் ஏற்கெனவே உள்ள பெயர்களுக்குள் மாதங்களைக் கூட்டிக் குறைக்கலாம்; புதுப் பெயர் சேர்க்க முடியாது.