மணவிலக்குக்குப் பிறகு இபிஎஃப், சொக்சோ பணம் யாருக்கு?

கேள்வி: நானும் கணவரும் நீதிமன்றத்தில் முறைப்படி பிரிந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்த அவர் போன மாதம் தவறிவிட்டார். மறுமணம் செய்யவில்லை. எங்களுக்கு 12, 15 வயதில் இரு பிள்ளைகள். "உனக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு காசு கிடையாது" என்கிறார் மாமியார். உண்மையா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: உண்மை இல்லை, அம்மா. முதலில் இபிஎஃப், அதாவது மலேசியாவின் ஊழியர் சேமநிதி. உங்கள் முன்னாள் கணவர் யாரைப் பணம் பெறுபவராக நியமித்தாரோ அவருக்கே அந்தப் பணம். குடும்பமாக இருந்த காலத்தில் உங்கள் பெயரை எழுதி, பிறகு மாற்றாமல் விட்டிருந்தால், மணவிலக்கு அந்த நியமனத்தைத் தானாக ரத்து செய்யாது. முஸ்லிம் அல்லாதவர்களுக்கு, நியமிக்கப்பட்டவரே அந்தப் பணத்துக்கு உரியவர். (முஸ்லிம்களுக்கு அவர் பணத்தை வாங்கி வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பாளர் மட்டுமே.) ஆகவே யாரோடும் வாக்குவாதம் வேண்டாம். இறப்புச் சான்றிதழ், உங்கள் ஐசி (அடையாள அட்டை), பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், மணவிலக்கு ஆணை ஆகியவற்றோடு ஈப்போ இபிஎஃப் கிளைக்குப் போய், நியமனம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

நியமனமே இல்லை என்றால் 1958ஆம் ஆண்டு சொத்துப் பகிர்வுச் சட்டம் வரும். முன்னாள் மனைவிக்கு அதில் பங்கு கிடையாது. ஆனால் மனைவி இல்லாமல், பிள்ளைகளும் பெற்றோரும் இருந்தால், பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு, பெற்றோருக்கு ஒரு பங்கு. மாமியாருக்கு உரிமை உண்டு, முழுவதற்கும் இல்லை.

அடுத்து சொக்சோ, அதாவது தொழிலாளர் சமூகப் பாதுகாப்புத் திட்டம். அதில் உங்களுக்கு விதவை ஓய்வூதியம் கிடைக்காது. பிள்ளைகளின் பங்கு அப்படியே நிற்கிறது: 21 வயது வரை, அல்லது திருமணம் வரை, எது முந்துகிறதோ அதுவரை. தகுதியுள்ள பிள்ளைகள் இருக்கும்போது பாட்டிக்கு அதில் இடமில்லை. இறந்தவர் சந்தா நிபந்தனையை நிறைவு செய்திருக்க வேண்டும் என்பதால் பழைய சம்பளச் சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

பெரும்பாலும் சிக்கல் வருவது பெயரின் எழுத்துகளில்தான். அப்பாவின் ஐசியில் 'ஐ' என்று முடியும் பெயர், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் 'ஒய்' என்று முடிந்தால் மனு அங்கேயே நின்றுவிடும். இரண்டும் ஒரே ஆளின் பெயர்தான் என்று கமிஷனர் ஆஃப் ஓத்ஸ் (சத்தியப் பிரமாணம் வாங்கும் அதிகாரி) முன் சத்தியப் பிரமாணம் செய்து முன்கூட்டியே கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜீவனாம்சம், சொத்து எதையும் பிணையாக வைக்காத ஆணையாக இருந்தால், அவர் மறைவோடு முடிந்தது. அவர் உயிரோடு இருந்தபோது தராமல் விட்ட பாக்கியை அவர் சொத்திலிருந்து கடனாகக் கேட்கலாம். மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட பாக்கிக்கு வழக்குப் போட முடியாது. தாமதிக்க வேண்டாம்.

கேள்வி: கோயில் பெரியவர்கள் பேசி எங்களைப் பிரித்துவிட்டார்கள். கோர்ட்டுக்குப் போகவில்லை. கணவர் இறந்துவிட்டார். நான் விவாகரத்து ஆனவளா?

பதில்: இல்லை. முஸ்லிம் அல்லாதோரின் திருமணத்தை உயர் நீதிமன்றம் மட்டுமே கலைக்க முடியும். பஞ்சாயத்து பேசிப் பிரித்தாலும் சட்டத்தின் பார்வையில் நீங்கள் அவர் மனைவிதான். கோர்ட்டில் 'டிக்ரி நைசை' (இடைக்கால மணவிலக்கு ஆணை) வாங்கியிருந்தாலும், பொதுவாக மூன்று மாதம் கழித்து அது இறுதியாக்கப்படும் வரை திருமணம் முடிவதில்லை. இடையில் கணவர் இறந்தால் நீங்கள் விதவை. திருமணப் பதிவுச் சான்றிதழோடு சொக்சோவுக்குப் போங்கள்: விதவைக்கு ஐந்தில் மூன்று பங்கு, பிள்ளைகளுக்கு இரண்டு. வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

கேள்வி: விவாகரத்து ஆகிவிட்டது. இபிஎஃப்பில் முன்னாள் மனைவி பெயர் இருக்கிறது. மாற்ற முடியுமா?

பதில்: முடியும். புதிய நியமனம் செய்தாலே பழையது செல்லாது. அவர் சம்மதம் தேவையில்லை. பலருக்குப் பிரிக்கும்போது விழுக்காடுகளின் கூட்டுத்தொகை சரியாக 100 வர வேண்டும்.