மாதாமாதம் மருந்து ஊற்றியும் ஆட்டு வயிற்றுப் புழு சாகாதது ஏன்?

கேள்வி: வணக்கங்க டாக்டர். மூலனூர் பக்கம் கொறங்காட்டில் (வேலி போட்ட மேய்ச்சல் காடு) 70 மேச்சேரி செம்மறி ஆடு மேய்க்கிறேன். நாலைந்து வருசமாக மாதம் தவறாமல் எல்லா ஆட்டுக்கும் அல்பெண்டசோல் ஊற்றி வருகிறேன். முன்பெல்லாம் ஊற்றிய ஒரு வாரத்தில் ஆடு தெளிந்துவிடும். இந்த ஐப்பசி மழைக்கு அப்புறம் ஊற்றியும் கேட்கவில்லை. தாடைக்குக் கீழே தண்ணீர் கோத்து வீங்குகிறது, கண் வெளுத்துப் போகிறது, குட்டிகள் சாகின்றன. கம்பெனி மாற்றிப் பார்த்தேன், அளவைக் கூட்டியும் பார்த்தேன். மருந்து டூப்ளிகேட்டா, இல்லை குடித்துக் குடித்துப் புழுவுக்கு உடம்பு பழகிவிட்டதா? பக்கத்துத் தோட்டத்துக்காரர் இரண்டு மடங்காக ஊற்றச் சொல்கிறார்.

பதில்: வணக்கம் அண்ணா. இரண்டு மடங்கு ஊற்ற வேண்டாம். கண் வெளுத்த ஆடுகளை இன்றே தனியாகப் பிரித்து, ஓட்டி விரட்டாமல் நிழலில் கட்டி, பக்கத்துக் கால்நடை மருந்தகத்து டாக்டரிடம் காட்டுங்கள். அவர் எடையைப் பார்த்து வேறு குடும்பத்து மருந்து கொடுப்பார், இரும்புச் சத்துக்கும் ஊசியோ டானிக்கோ எழுதித் தருவார். ரத்தம் வற்றிய ஆட்டை நாலு பேர் சேர்ந்து துரத்திப் பிடித்தாலே அது விழுந்துவிடும், அதனால் இதில் அவசரம் இருந்தாலும் பிடிப்பதில் பொறுமை வேண்டும். புண்ணாக்கு கொஞ்சம் கூட்டி வையுங்கள், இழந்த ரத்தம் ஊற அதற்குப் புரதம் தேவை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் சொல்கிற அடையாளம் மூன்றும், அதிலும் கழிச்சல் பெரிதாக இல்லாமலே கண் வெளுத்துத் தாடை வீங்குவது, ஹீமாங்கஸ் என்ற ரத்தம் உறிஞ்சும் வயிற்றுப் புழுவைத்தான் காட்டுகிறது. ஆட்டின் நான்காவது இரைப்பையில் ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு புழுவும் நாளைக்கு ஏறக்குறைய 0.05 மில்லி ரத்தம் குடிக்கும். ஆயிரம் புழு இருந்தால் 50 மில்லி போகிறது, 25 கிலோ ஆட்டின் உடம்பில் மொத்தமே ஒன்றரை லிட்டர் அளவுதான் ரத்தம் இருக்கும். மருந்து டூப்ளிகேட்டாக இருக்க வாய்ப்பு உண்டு, ஆனால் கம்பெனி மாற்றியும் அதே கதை என்கிறீர்கள், அதனால் எனக்குப் புழு மேல்தான் சந்தேகம்.

ஆனால் எந்தப் புழுவுக்கும் குடித்துக் குடித்து உடம்பு பழகவில்லை. இதைத் தெளிவாகப் புரிந்துகொண்டால்தான் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது விளங்கும், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். மருந்து பட்டுச் சாகக்கூடிய புழு செத்துப் போகிறது, தாங்கக்கூடிய புழு பிழைக்கிறது. தாங்கக்கூடிய அந்தப் புழு நீங்கள் மருந்து பாட்டிலைத் திறப்பதற்கு முன்பே அப்படிப் பிறந்ததுதான். நீங்கள் கிடாய் தேர்ந்தெடுப்பதில்லையா, நல்லதை வைத்துக்கொண்டு மற்றதைச் சந்தைக்கு அனுப்புகிறீர்கள், அடுத்த ஈத்துக் குட்டியெல்லாம் அந்தக் கிடாயின் சாயலில் பிறக்கிறது. மருந்தும் புழுக்களுக்கு அதே வேலையைத்தான் செய்கிறது, அடுத்த தலைமுறைக்கு யார் தாய் தகப்பன் என்று அது தீர்மானிக்கிறது.

அந்தத் தாங்கும் புழு எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். ஒரு பெட்டைப் புழு நாளைக்கு 5,000 முட்டைக்கு மேல் இடும். உங்கள் 70 ஆட்டிலும் சராசரியாக 1,000 புழு, அதில் பாதி பெட்டை என்று வைத்தால் உங்கள் காட்டில் ஒரு நாளைக்கு 17 கோடி முட்டைக்கு மேல் விழுகிறது. ஒவ்வொரு முட்டைக்குள்ளும் மரபணு முழுவதும் படியெடுக்கப்பட வேண்டும், அத்தனை படியெடுப்பில் அங்கங்கே ஓர் எழுத்து தவறுவதை எவராலும் தடுக்க முடியாது. பெரும்பாலான தவறால் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை, சிலவற்றால் அந்தப் புழுவே சாகும். அபூர்வமாக ஒன்று இப்படி அமைகிறது: அல்பெண்டசோல் போய் ஒட்டுவது புழுவின் உடம்பில் டியூபுலின் என்ற புரதத்தில், அந்தப் புரதத்தின் 200-வது இடத்தில் ஃபினைல் அலனின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டியதற்குப் பதில் டைரோசின் என்ற வேறோர் அமினோ அமிலம் வந்து உட்கார்ந்துவிடுகிறது. மரபணுவில் மாறியது ஒரே ஓர் எழுத்துதான். ஆனால் மருந்து ஒட்ட இடமில்லை, புழு பிழைத்துக்கொள்கிறது. 167-வது, 198-வது இடங்களிலும் இதே மாதிரி மாற்றம் உண்டு.

மருந்துக்கு முன்பே மாற்றம் இருக்கும் என்பதை நம்ப முடியவில்லை என்றால் இதைக் கேளுங்கள். ஐரோப்பாவில் கோதுமை வயலில் வருகிற ஒரு புல் களைக்கு இதே சிக்கல், களைக்கொல்லி அடித்தாலும் சாவதில்லை. அங்கே 1888-இல் யாரோ பறித்து உலர்த்திக் காகிதத்தில் ஒட்டி வைத்திருந்த ஒரு செடியின் மரபணுவை 2013-இல் வெளியான ஆய்வுக்காகப் படித்துப் பார்த்தபோது, களைக்கொல்லியைத் தாங்கும் அதே மாற்றம் அதில் இருந்தது. அந்த வகைக் களைக்கொல்லி விற்பனைக்கு வந்ததே 1970-களின் கடைசியில்தான். 90 வருசம் முன்பே அந்த மாற்றம் பயன் ஒன்றும் இல்லாமல் அந்தச் செடிக்குள் இருந்திருக்கிறது.

இப்போது உங்கள் பட்டிக்குக் கணக்குப் போடுவோம். 70 ஆட்டிலும் சேர்த்து 70,000 புழு. ஒவ்வொரு புழுவிலும் இந்த மரபணு இரண்டு பிரதி இருக்கும், ஒன்று தாயிடமிருந்து, ஒன்று தகப்பனிடமிருந்து. ஆரம்பத்தில் நூறு பிரதிக்கு ஒன்றுதான் மாறியது என்று வைத்தால், இரண்டு பிரதியும் மாறிய புழு பத்தாயிரத்துக்கு ஒன்று, அதாவது உங்கள் பட்டியில் மொத்தமே 7. ஒரு பிரதி மட்டும் மாறிய புழு ஏறக்குறைய 1,400. சரியான அளவில் ஊற்றினால் அந்த 1,400-இல் பெரும்பாலானவை செத்துவிடும், 7 தான் முழுசாகத் தப்பிக்கும். அளவு குறைந்தால்? அந்த 1,400-இலும் நிறையப் பிழைத்து ஒன்றோடொன்று சேரும், அவற்றின் குஞ்சுகளில் கால்வாசி இரண்டு பிரதியும் மாறியதாகப் பிறக்கும். ஆட்டைத் தூக்கிப் பார்க்காமல் கண் மதிப்பில் எல்லாவற்றுக்கும் ஒரே 10 மில்லி ஊற்றுகிற பழக்கம் நம் பக்கம் நிறைய இருக்கிறது. பெரிய ஆட்டுக்கு அது போதாது, அந்த ஆட்டுக்குள்தான் இந்தக் கலப்பு நடக்கிறது. இப்போது உங்களிடம் அந்த இரண்டு பிரதி மாறிய புழுதான் பெருகியிருக்கிறது என்றால் அளவைக் கூட்டிப் பயனில்லை, ஆட்டின் ஈரலுக்குத்தான் கேடு.

முட்டை மழை ஈரத்தில் ஒரு வாரத்துக்குள் புல்லேறும் குஞ்சாகிவிடும், ஆடு மேய்ந்து உள்ளே போனால் மூன்று வாரத்தில் தானே முட்டையிடும். ஒரு மழைக்காலத்துக்குள்ளேயே இரண்டு மூன்று தலைமுறை ஓடிவிடும் என்றால் நாலைந்து வருசத்தில் எத்தனை என்று பாருங்கள். இது உங்கள் காட்டில் மட்டும் நடந்ததும் இல்லை. தையாபெண்டசோல் என்ற மருந்து 1961-இல் வந்தது, 1964-லேயே இதே ஹீமாங்கஸ் அதைத் தாங்கிவிட்டது என்ற செய்தி வந்துவிட்டது. ஐவர்மெக்டின் 1981-இல் வந்தது, கண்டுபிடித்தவர்களுக்கு 2015-இல் நோபல் பரிசே கிடைத்தது, ஆனால் தென்னாப்பிரிக்கச் செம்மறிகளில் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அதுவும் கேட்காமல் போனது.

அடுத்து நான் சொல்வது உங்களுக்கு ஏற்றுக்கொள்ளக் கஷ்டமாக இருக்கும். எல்லா ஆட்டுக்கும் ஒரே நாளில் மருந்து ஊற்றாதீர்கள். சில ஆடுகளில் மருந்தே படாத புழுக்கள் இருக்கட்டும், வேண்டுமென்றே விடுங்கள். மருந்துக்குச் சாகிற ஜாதிப் புழு நமக்கு வேண்டும், அது இருந்து முட்டையிட்டால்தான் தாங்குகிற புழு அதோடு கலந்து சிறுபான்மையாகவே இருக்கும். மொத்தமாக ஊற்றினால் அன்றிலிருந்து மூன்று வாரம் காட்டில் விழுகிற ஒவ்வொரு முட்டையும் தப்பிப் பிழைத்த புழுவினுடையதாகவே இருக்கும். கொறங்காட்டில் இது இன்னும் மோசம், ஏனென்றால் சித்திரை வைகாசியில் புல் கருகித் தரை காய்ந்து, புல்லில் இருந்த குஞ்சுகளும் செத்துப்போயிருக்கும். அந்த நேரத்தில் புழு முழுவதும் ஆட்டு வயிற்றுக்குள்தான் இருக்கிறது, அப்போது எல்லா ஆட்டுக்கும் ஊற்றினால் அடுத்த மழைக்கு விதையாக மிஞ்சுவது தாங்குகிற புழு மட்டும்தான். கோடையில் மாதாமாதம் ஊற்றியதுதான் உங்கள் பட்டியை இங்கே கொண்டு வந்து விட்டது என்பது என் கணிப்பு. அதே காரணத்துக்காக, மருந்து ஊற்றிய கையோடு ஆட்டைப் புதுப் படலுக்கு (இன்னும் மேயாத மேய்ச்சல் அடைப்புக்கு) ஓட்டாதீர்கள். நாலைந்து நாள் பழைய படலிலேயே மேயட்டும்.

யாருக்கு ஊற்றுவது என்பதைக் கண்ணைப் பார்த்து முடிவு செய்யலாம். தென்னாப்பிரிக்காவில் உருவான ஃபமாச்சா என்ற கண் நிற அட்டை இருக்கிறது, கீழ் இமையைப் பிதுக்கி உள்பக்க நிறத்தை ஐந்து படிகளோடு ஒப்பிட வேண்டும். 1, 2 நல்ல சிவப்பு, மருந்து வேண்டாம். 4, 5 வெளுப்பு, கட்டாயம் ஊற்ற வேண்டும். நடுவில் இருக்கிற 3 குட்டியாகவோ ஈனப்போகிற ஆடாகவோ இருந்தால் ஊற்றுங்கள், மற்றதை அடுத்த முறை பாருங்கள். ஐப்பசி முதல் மார்கழி வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பாருங்கள், மழை விடாமல் பிடித்தால் வாரம் ஒருமுறை. இது ரத்தம் உறிஞ்சும் புழுவுக்கு மட்டும்தான் பொருந்தும், கழிச்சல் வைக்கிற மற்றப் புழுக்களை இதில் பிடிக்க முடியாது.

மருந்து மாற்றும்போது பாட்டிலில் உள்ள கம்பெனிப் பெயரை விட்டு உள்ளே இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள். அல்பெண்டசோல், ஃபென்பெண்டசோல், ஆக்ஸ்ஃபெண்டசோல் எல்லாம் ஒரே குடும்பம், ஒன்றைத் தாங்கிய புழு மற்றதையும் தாங்கும். லெவாமிசோல் வேறு குடும்பம், ஐவர்மெக்டின் வேறு, குளோசான்டெல் வேறு. இவற்றில் லெவாமிசோல் அளவு மீறினால் விஷமாகும், குளோசான்டெல் மீறினால் ஆட்டுக்குக் கண் பார்வையே போகும், அதனால் டாக்டர் சொல்லாமல் நீங்களாக வாங்கி ஊற்றாதீர்கள். அல்பெண்டசோலைக் கிடாய் சேர்ந்த முதல் மாதத்தில் பெட்டை ஆட்டுக்குக் கொடுக்கக் கூடாது, உள்ளே இருக்கும் கருவுக்கு ஆகாது. கொஞ்ச நாள் நிறுத்தி வைத்தால் பழைய மருந்து மறுபடி கேட்குமா என்று பலர் கேட்கிறார்கள், அப்படி லேசில் திரும்புவதில்லை.

சந்தையில் வாங்கி வருகிற ஆடும் முக்கியம். அது வயிற்றுக்குள் இன்னொருவர் காட்டுப் புழுவைச் சுமந்து வருகிறது, அங்கே எந்த மருந்தைத் தாங்கியதோ அந்த மரபணு உங்கள் காட்டுப் புழுவோடு கலந்துவிடும். புது ஆட்டைத் தனியாகக் கட்டி, டாக்டரிடம் கேட்டு இரண்டு குடும்பத்து மருந்து கொடுத்து, இரண்டு நாள் காரைத் தரையில் வைத்துவிட்டு, அப்புறம் ஏற்கனவே உங்கள் ஆடு மேய்ந்த படலில் விடுங்கள்.

கடைசியாக ஆட்டின் பக்கம். புழுவுக்குள் வேறுபாடு இருப்பது போலவே ஆட்டுக்குள்ளும் இருக்கிறது, இது நமக்குச் சாதகம். எந்தப் பட்டியிலும் ஏறக்குறைய எண்பது பங்கு புழு இருபது முப்பது பங்கு ஆடுகளில்தான் குவிந்திருக்கும். மற்ற ஆடுகள் அதே புல்லைத்தான் மேய்கின்றன, ஆனால் கண் சிவப்பாகவே இருக்கும், அந்தத் தாங்கும் குணத்தில் ஒரு பங்கு குட்டிக்கும் இறங்குகிறது. ஒவ்வொரு ஆட்டுக்கும் காதுத் தோடு போட்டு, மருந்து ஊற்றிய தேதியை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். இரண்டு மழைக்காலம் மருந்தே தேவைப்படாத தாயின் கிடாய்க் குட்டியை இனத்துக்கு நிறுத்துங்கள், திரும்பத் திரும்ப மருந்து தேவைப்படுகிற ஆட்டைக் கழித்துவிடுங்கள். ஒரே கிடாயை மகளுக்கும் பேத்திக்கும் சேர்க்காதீர்கள். 70 ஆட்டுக்கு இரண்டே கிடாய் என்றால் சில நல்ல மரபணு தற்செயலாகவே தொலைந்துபோகும், அதனால் இரண்டு வருசத்துக்கு ஒருமுறை கிடாய் மாற்ற வேண்டும். சேலம் மாவட்டம் பொட்டனேரியில் மேச்சேரி ஆட்டின ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, கிடாய் பற்றி அங்கே விசாரியுங்கள். ஆட்டின் தலைமுறை வருசக்கணக்கு, புழுவின் தலைமுறை மாதக்கணக்கு, அதனால் இந்தப் பலன் மெதுவாகத்தான் வரும்.

இவ்வளவும் என் கணிப்புதான், உங்கள் காட்டில் எந்த மருந்து கேட்கிறது என்பதைப் புழுக்கைப் பரிசோதனைதான் சொல்லும். பத்துப் பதினைந்து ஆட்டை எடை போட்டு, மருந்து ஊற்றும் அன்று காலை ஒவ்வொன்றின் புழுக்கையையும் தனித்தனி கவரில் எடுங்கள். எடைக்குத் தக்க அளவை நாக்கின் பின்பக்கம் படும்படி ஊற்றுங்கள். 10 முதல் 14 நாளுக்குள் அதே ஆடுகளிடம் மறுபடி எடுங்கள். முன்பு இருந்த முட்டை எண்ணிக்கையில் நூற்றுக்கு 95 பங்காவது குறையாமல் இருந்தால் அந்த மருந்து உங்கள் புழுவுக்குத் தோற்றுக்கொண்டிருக்கிறது. புழுக்கையைத் தரையிலிருந்து பொறுக்காமல் ஆட்டிடமிருந்தே நேராக எடுத்து, கவரில் காற்றை வெளியேற்றிக் கட்டி, ஐஸ் கட்டியோடு அன்றைக்கே நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ உங்கள் டாக்டர் சொல்கிற ஆய்வகத்துக்கோ கொண்டு போங்கள், வெயிலில் வைத்தால் முட்டை பொரிந்து கணக்கு தப்பிவிடும்.