டிரம்பெட்டும் சாக்ஸபோனும்: இசைக் கேள்வி-பதில்

கேள்வி: ‘சம்திங் எல்ஸ்’ ஜாஸ் ஆல்பம் ஆல்டோ சாக்ஸபோன் கலைஞர் கேனன்பால் ஆடர்லி பெயரில் இருக்கிறது. ஆனால் அதிலுள்ள ‘ஆட்டம் லீவ்ஸ்’ மெட்டை எடுப்பதும் முடிப்பதும் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ். அப்படியென்றால் இது யாருடைய ஆல்பம்?

பதில்: பெயர் ஆடர்லியுடையது, பிடி மைல்ஸுடையது. 1958 மார்ச் 9 அன்று நியூஜெர்சியின் ஹேக்கன்சாக்கில், ரூடி வான் கெல்டர் ஸ்டூடியோவில் புளூ நோட் நிறுவனத்துக்காகப் பதிவானது. அப்போது ஆடர்லி மைல்ஸின் குழுவில் வாசித்துக்கொண்டிருந்தார். இங்கே முதலாளி, ஊழியர் இடம் மாறிக்கொண்டார்கள். ‘ஒன் ஃபார் டாடி-ஓ’ முடிந்ததும் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்: “இதைத்தானே கேட்டாய்?” என்கிற தோரணையில் தயாரிப்பாளர் ஆல்ஃபிரட் லயனிடம் மைல்ஸின் கரகரத்த குரல் கேட்கும். ஆடர்லியை மட்டும் கேட்க வேண்டுமா? ‘டான்சிங் இன் த டார்க்’ போடுங்கள். அதில் டிரம்பெட்டே கிடையாது. இருவரையும் எடைபோட ஆல்பத்தின் தலைப்புப் பாட்டுதான் சரி. டிரம்பெட் ஒரு துண்டைப் போட, ஆல்டோ அதற்குப் பதில் சொல்லும்.

கேள்வி: மைல்ஸ் போல ஹார்மன் மியூட் (டிரம்பெட்டின் வாயில் செருகும் உலோக அடைப்பான்) போட்டு ஊதினால் எனக்கு ‘வா வா’ என்று கார்ட்டூன் சத்தம்தான் வருகிறது. சுருதியும் ஏறுகிறது.

பதில்: மியூட்டின் நடுவே சின்னக் குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருக்குமே, அதை உருவி எடுத்துவிடுங்கள். மைல்ஸின் அந்த மெல்லிய, உலோக வாசனையுள்ள நாதம் குழாய் இல்லாத மியூட்டில்தான் வரும். சுற்றியிருக்கும் கார்க் வளையம் டிரம்பெட்டின் விரிந்த முன்வாயை முழுக்க அடைக்க வேண்டும். காற்று கசிந்தால் நாதம் சிதறும், மியூட்டும் கழன்று விழும். கார்க்கில் வாயால் ஆவி ஊதி, லேசாகத் திருகிப் பொருத்துங்கள்.

சுருதி ஏறுவது உங்கள் குற்றமில்லை, மியூட்டின் குணம். மியூட்டைப் போட்டபடியே டியூனரைப் பார்த்து, டியூனிங் ஸ்லைடை (சுருதியைச் சரிசெய்ய நகர்த்தும் குழாய்) கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுங்கள். மியூட்டைக் கழற்றியதும் ஸ்லைடைப் பழைய இடத்துக்குத் தள்ள மறந்துவிடுவதுதான் வழக்கமான கோளாறு. எங்கே நிற்க வேண்டும் என்று பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். சத்தம் போதவில்லை என்று முட்டி ஊதினால் நாதம் கிறீச்சிடும். மைக்கை மியூட்டிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் தூரத்தில் வையுங்கள், போதும்.

கேள்வி: நண்பர் வாசிப்பது ஆல்டோ சாக்ஸபோன், நான் டிரம்பெட். ஒரே தாளைப் பார்த்து வாசித்தால் ஒட்டவே இல்லை.

பதில்: ஒட்டாது! தாளில் ‘சி’ என்றிருந்தால் டிரம்பெட்டில் பி ஃபிளாட் கேட்கும், ஆல்டோவில் ஈ ஃபிளாட். ஆளுக்கொரு தாள் எழுதுங்கள். பியானோவுக்கு ஜி மைனர் என்றால் உங்களுக்கு ஏ மைனர், அவருக்கு ஈ மைனர்.

பத்து நிமிடம் ஊதிக் கருவி சூடான பிறகு சுருதி சேருங்கள்: நீங்கள் ‘சி’, அவர் ‘ஜி’; இரண்டும் பியானோவின் பி ஃபிளாட்தான். நாதம் அலையடித்தால் சுருதி விலகியிருக்கிறது. ஒருவர் 440 ஹெர்ட்ஸ், மற்றவர் 442 ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு இரண்டு அலை. ஆல்டோ தாழ்ந்திருந்தால் மவுத்பீஸைக் கார்க்கில் உள்ளே தள்ள வேண்டும், ஏறியிருந்தால் வெளியே இழுக்க வேண்டும். இத்தனைக்குப் பிறகும் உங்கள் கீழ் ‘டி’, அதற்கும் கீழே ‘சி ஷார்ப்’ இரண்டும் ஏறியே நிற்கும். மூன்றாம் வால்வின் ஸ்லைடை விரலால் நீட்டுங்கள், ‘சி ஷார்ப்’புக்கு இன்னும் கூடுதலாக.

கேள்வி: இதே ஜோடியில் அடுத்து எதைக் கேட்கலாம்?

பதில்: ஜெர்ரி மல்லிகன், செட் பேக்கர் இருவரும் 1952இல் செய்த குவார்ட்டெட் (நால்வர் குழு) பதிவுகள். பாரிடோன் சாக்ஸபோனும் டிரம்பெட்டும், துணைக்கு பாஸும் டிரம்ஸும்தான், பியானோ கிடையாது. பேக்கர் டிரம்பெட்டில் மெட்டை ஊத, மல்லிகன் சாக்ஸபோனில் கீழே ஓட்டும் இரண்டாவது வரியை மட்டும் ஒரு தடவை பிடித்துக்கொண்டு போய்ப் பாருங்கள்.