தெக்கோங்கிடம் பேசிவிட்டுப் படகு எடுங்கள்

தூண்டில்காரர் பதில்கள்

கேள்வி: ஐயா, அப்பாவுக்கு வரும் ஆகஸ்டில் அறுபது முடிகிறது. பத்து காஜா பக்கம் பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளில் ஹாருவான் (விரால்) பிடித்தே வளர்ந்தவர். கடலில் தூண்டில் போட்டதே இல்லை. அண்ணனும் நானும் அவரைக் குவாலா ரொம்பினுக்கு அழைத்துப்போய் மயில் மீன் பிடிக்க வைக்க ஆசைப்படுகிறோம். மூன்று இடத்தில் விலை கேட்டோம். ஒருவர் மற்ற இருவரைவிட முந்நூறு வெள்ளி குறைத்துச் சொல்கிறார். ஆளுக்கொரு படகு படம் அனுப்பியிருக்கிறார்கள். எதை வைத்து முடிவெடுப்பது?
(வாசகி, பூச்சோங்)

பதில்: விலை கிடக்கட்டும் அம்மா. முதலில் அப்பாவிடம் ஒன்று கேளுங்கள்: பிடிக்கிற மீன் வீட்டுக்கு வர வேண்டுமா, இல்லை இழுத்துப் பார்த்தால் போதுமா? ரொம்பினில் மயில் மீனை (அங்கே கேட்டால் லயாரான் என்பார்கள்) பிடித்தால் திரும்பக் கடலிலேயே விட்டுவிடுவதுதான் வழக்கம். குட்டைக்காரர்களுக்கு இது லேசில் மனசுக்கு ஒத்து வராது. என் பெரிய மச்சானை ஒருமுறை கூட்டிப் போனேன். ஆள் உயரத்துக்கு மேல் இருந்த மீனை இருபது நிமிடம் போராடிப் பக்கத்தில் கொண்டுவந்தார். தெக்கோங் (படகோட்டி) முள்ளைக் கழற்றி விட்டுவிட்டார். மச்சான் அதற்குப் பிறகு பேசவே இல்லை. முவாட்சாம் ஷாவில் தேநீருக்கு நிறுத்தியபோதுதான் வாயைத் திறந்தார்: "அது எத்தன வீட்டுக் கொழம்புக்கு ஆகும் தெரியுமா?"

அப்பாவும் அந்த ரகம் என்றால், பாதி நாள் லயாரானுக்கும் பாதி நாள் தெங்கிரிக்கும் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். தெங்கிரி நம்மூர் வஞ்சிரம்தானே, வீட்டில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஒன்று மட்டும் கவனம். தியோமான் தீவை ஒட்டிப் போய்ப் பாறை மீன் பிடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். தீவைச் சுற்றி 2 கடல் மைல் வரை கடல் பூங்கா. அங்கே மீன் பிடிக்கத் தடை.

இனி படகு. படங்களை ஓரமாக வையுங்கள். விலை சொல்கிறவர் பெரும்பாலும் இடைத்தரகராகவோ தங்கும் விடுதிக்காரராகவோ இருப்பார். உங்களைக் கடலுக்குக் கொண்டுபோகும் தெக்கோங்கின் தொலைபேசி எண்ணை வாங்கி அவரிடமே பேசுங்கள். எண் தரத் தயங்கினால் அந்த இடத்தை விட்டுவிடலாம். பேசும்போது, "கடைசியாக எப்போது காற்றைப் பார்த்துப் பாதியில் திரும்பினீர்கள்?" என்று கேளுங்கள். நல்ல தெக்கோங் யோசிக்காமல் சொல்வார்: போன மாதம், ஒரு மணி வாக்கில், தெற்கே கறுத்தது, திரும்பிவிட்டோம் என்று. "நான் திரும்பியதே இல்லை" என்று பெருமை பேசுகிறவரோடு நான் போக மாட்டேன்.

இந்தக் கேள்வி எனக்குச் சும்மா வந்ததில்லை. பல வருஷம் முன்பு நானும் குறைந்த விலைக்கு ஆசைப்பட்டேன். ஒரே எஞ்சின் படகு. நாலு பேர் என்று சொல்லிவிட்டு ஏழு பேரை ஏற்றினார்கள். பதினொரு மணிக்கு எஞ்சின் நின்றது. ரேடியோவை எடுத்தால் பேட்டரி செத்திருந்தது. மிதவைச் சட்டையை மாட்டி வாரை இழுத்தேன், கொக்கி கையோடு வந்துவிட்டது. உள்ளே பூஞ்சை பூத்த வாடை. வேறு படகு ஒன்று கண்ணில் படும்வரை நாலு மணி நேரம் மிதந்தோம். அன்றிலிருந்து ஜெட்டியில் (படகுத்துறையில்) படகு ஏறும் முன்பே சட்டையை மாட்டி, வாரை ஒரு இழு இழுத்துப் பார்ப்பேன். மற்றவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். இரண்டு எஞ்சின், வேலை செய்யும் ரேடியோ, ஆளுக்கொரு நல்ல சட்டை. இதில் ஒன்று குறைந்தாலும் அந்த முந்நூறு வெள்ளி லாபத்தை மறந்துவிடுங்கள்.

ஜெட்டியில் இன்னொன்றும் பாருங்கள்: உயிர் இரை போடும் தொட்டி. லயாரானுக்கு உயிரோடு நீந்தும் இரை வேண்டும். அதனால் காலையில் முதல் வேலை, மீன் வந்து கூடுவதற்காகத் தென்னை ஓலை கட்டிக் கடலில் இறக்கிய உஞ்சாம் பக்கம் போய் இரை பிடிப்பது. அப்போலோ என்று ஒரு நரம்பு, அதில் வரிசையாகப் பொடி முள்கள், ஒவ்வொன்றிலும் மினுக்கும் நார். கீழே இறக்கி லேசாக ஆட்டினால் செலார், கெம்போங் என்ற சின்ன மீன்கள் மூன்று நான்காகத் தொங்கிக்கொண்டு மேலே வரும். உங்கள் அப்பாவுக்கு அன்று முழுக்க மிகவும் பிடித்த நேரம் இதுவாகத்தான் இருக்கும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் தொட்டியில் கடல்நீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பம்ப் மக்கர் செய்தால் பத்து மணிக்கெல்லாம் இரை வயிற்றைக் காட்டி மிதக்கும், நீங்களும் நாசி லெமாக் சாப்பிட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

அப்பாவிடம் ஒரு சேதி சொல்லிவிடுங்கள். ஹாருவான் கடித்ததும் கம்பைச் சுண்டி இழுத்துப் பழகிய கை அவருடையது. இங்கே வளைந்து உள்நோக்கித் திரும்பிய வட்ட முள் போடுவார்கள். சுண்டினால் அது வாயிலிருந்து வழுக்கி வந்துவிடும். மீன் இரையோடு ஓடட்டும், தெக்கோங் சொன்ன பிறகு ரீலைச் சுற்றினால் போதும், முள் தானாகவே வாயோரத்தில் ஏறிக்கொள்ளும். மீன் பிழைப்பதும் அதனால்தான். படத்துக்காக மீனைப் படகுக்குள் தூக்கிப் போடச் சொல்லாதீர்கள். கையுறை போட்டு அலகைப் பிடித்து, தலை தண்ணீருக்குள்ளேயே இருக்க, படகை மெல்ல ஓட்டிக்கொண்டே விடுவார்கள். அந்த நேரத்தில் முதுகுத் துடுப்பு விரிந்தால் கருநீலத்தில் புள்ளி புள்ளியாக இருக்கும், மயில் என்று பேர் வைத்தவர் சும்மா வைக்கவில்லை. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகம் என்று தெக்கோங் கதை விடுவார். பிற்காலத்தில் அளந்தவர்கள் அதில் பாதியைக்கூட ஒப்புக்கொள்ளவில்லை. அவரோடு வாதாட வேண்டாம், மீன் பிடித்துக் கொடுக்கப் போகிறவர் அவர்தான்.

ஆகஸ்ட் நல்ல மாதம். முன்பணம் கட்டும்போது, வானிலை கெட்டால் பணம் திரும்புமா, வேறு தேதி தருவார்களா என்பதை வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பெட்ரோல், இரை, ஐஸ், மதியச் சாப்பாடு எல்லாம் விலைக்குள் உண்டா என்பதையும்தான்.

கேள்வி: டிசம்பர் விடுமுறையில் ரொம்பின் போகலாமா?
(வாசகர், சிரம்பான்)

பதில்: வேண்டாம். நவம்பரில் வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கிவிடும். கிழக்குக் கரையில் அப்போது கடல் நம்முடையது இல்லை. மேற்குக் கரைக்கு வாருங்கள். பூலாவ் கெத்தாம் பக்கம் கேலோங்கில் (கடல்மேல் கட்டிய மீன்பிடி மேடையில்) ஒரு ராத்திரி தங்கினால் பிள்ளைகளும் ஓடியாடித் தூண்டில் போடலாம். சியாக்காப் (கொடுவா மீன்) கிடைத்தால் அங்கேயே சுட்டுச் சாப்பிடலாம்.

கேள்வி: படகு ஏறினாலே எனக்கு வாந்தி. வழி உண்டா?
(வாசகர், ஈப்போ)

பதில்: மாத்திரையை மருந்தாளரிடம் கேட்டு, கிளம்புவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். வாந்தி வந்த பிறகு போட்டுப் பிரயோஜனம் இல்லை. நடுவிலிருந்து சற்றுப் பின்பக்கமாக, புகை அடிக்காத இடத்தில் உட்கார்ந்து தூரத்துக் கடல்கோட்டையே பாருங்கள். குனிந்து முடிச்சுப் போடுவதை அண்ணன் தம்பிகளிடம் விட்டுவிடுங்கள். வெறும் வயிறும் ஆகாது, முதல் நாள் ராத்திரி சம்பலும் ஆகாது. நான் முப்பது வருஷமாகக் கடலுக்குப் போகிறேன். இன்றைக்கும் அலை எழும்பினால் என் கை முதலில் தேடுவது சட்டைப் பையில் இருக்கிற அசாம்போய் (புளிப்பு உப்புப் பழம்) பொட்டலத்தைத்தான்.