அப்பாவின் கசெட்டுகளில் எதை முதலில் காப்பாற்றுவது?

கேள்வி: அப்பா 1970களின் கடைசியிலிருந்து பாட்டுச் சேர்த்தவர். பொனி எம், அபா, ஜிம் ரீவ்ஸ், நம்முடைய தமிழ்ப் பொப் என்று 160 கசெட்டும் சில இசைத்தட்டுகளும் அலுமாரியில் இருக்கின்றன. மாரி முடிந்து திறந்து பார்த்தால் பாதிக் கசெட்டில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. பாட்டெல்லாம் இணையத்தில் கிடைக்கிறதுதானே, எறி என்கிறார் அண்ணன். எனக்கு மனம் வரவில்லை. போட்டுக் கேட்கலாமா? – காரைதீவு வாசகர்.

பதில்: இப்போதைக்கு ஒன்றைக்கூடப் பிளேயரில் போட வேண்டாம். ஆசை தாங்காமல் நான் ஒருமுறை போட்டேன். பூஞ்சணம் நாடாவின் சுற்றுகளை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருந்தது. மோட்டார் இழுத்த இழுப்பில் மூன்றாவது நிமிடமே நாடா அறுந்தது. அதோடு விட்டதா? பிளேயரில் நாடாவைத் தொட்டு வாசிக்கும் ஹெட்டில் ஒட்டியிருந்த பூஞ்சணத்தை அடுத்துப் போட்ட இரண்டு நல்ல கசெட்டுக்கும் நானே ஏற்றிவிட்டேன்.

உங்கள் அண்ணன் சொல்வது பாதி சரி. கடையில் அச்சாகி வந்த அபா, பொனி எம் கசெட்டுகள் உலகம் முழுக்க விற்றவை. அதே பாட்டு இன்று தொலைபேசியிலேயே அதைவிடத் தெளிவாகக் கேட்கும். பூஞ்சணம் பிடித்த அப்படியான கசெட்டுக்கு ஒரு நாளைச் செலவழிப்பது வீண். உறையை மட்டும் எடுத்து வைத்துவிட்டுக் கசெட்டை விட்டுவிடலாம் என்பேன். சேகரிப்பாளர்கள் என்மேல் கோபப்படட்டும், பரவாயில்லை.

மற்றப் பாதியில்தான் விஷயம் இருக்கிறது. அந்தக் காலத்தில் 'ரெக்கோர்டிங் பார்' என்ற பாட்டுப் பதியும் கடைக்கு ஒரு தாளில் பாட்டு வரிசையை எழுதிக்கொண்டு போவோம். அவர்கள் தங்களிடமிருந்த இசைத்தட்டிலிருந்து வெற்றுக் கசெட்டில் அடித்துத் தருவார்கள். ஏ. ஈ. மனோகரன், நித்தி கனகரத்தினம் காலத்துத் தமிழ்ப் பொப் பாடல்கள் எத்தனையோ வீடுகளுக்கு அப்படித்தான் வந்து சேர்ந்தன. அந்த இசைத்தட்டுகள் இப்போது எங்கே என்று யாருக்குத் தெரியும்? இன்னும் அரியவை, வானொலிக்கு முன்னால் குந்தியிருந்து பதிந்தவை. இலங்கை வானொலி அறிவிப்பாளர் கே. எஸ். ராஜாவின் குரலில் ஒரு அறிவிப்பு, பாட்டு தொடங்கும்போது பட்டன் அழுத்திய 'டக்' சத்தம், பின்னால் கூவும் சேவல், "கதையாம இரிங்க" என்று அப்பா அதட்டுவது, இவையெல்லாம் எந்த இணையத்திலும் கிடைக்காது. 1978 நவம்பர்ச் சூறாவளி, இடப்பெயர்வுகள், 2004 சுனாமி எல்லாவற்றையும் தாண்டி நம் கிழக்கு மாகாணப் பக்கத்தில் ஒரு வீட்டில் இப்படியான கசெட் எஞ்சியிருப்பதே பெரிய காரியம். ஆகவே பிரபலத்தைப் பார்த்துப் பிரிக்க வேண்டாம். வேறு எங்கும் பிரதி இல்லாததை முதலில் எடுங்கள். அப்பாவின் கையெழுத்து உள்ள அட்டையைத் தேடினால் பெரும்பாலும் போதும்.

சரி, துப்புரவு. மாரியில் இதைத் தொட வேண்டாம், கச்சான் என்ற வறண்ட காற்று வீசும் காலம்தான் தோது. பூத்தவற்றை நல்லவற்றிலிருந்து பிரித்து, சிலிக்கா ஜெல் பொதிகளோடு இறுக்கமாக மூடும் டப்பாவில் இரண்டு கிழமை வையுங்கள். ஈரம் போனால் பூஞ்சணம் காய்ந்து தூளாகும். வெயிலில் மட்டும் காய வைக்காதீர்கள், கசெட்டின் பிளாஸ்டிக் ஓடு நெளிந்துவிடும். பிறகு வீட்டுக்கு வெளியே, முகக்கவசம் போட்டுக்கொண்டு, மெல்லிய தூரிகையால் தட்டுங்கள். பெரும்பாலான ஓடுகள் ஐந்து சின்னத் திருகாணிகளால் பூட்டியவை. அவற்றைத் திறந்து நாடாச் சுருள்களைத் தூக்கி, சுத்தமான வேறொரு ஓட்டில் மாற்றலாம். மாற்றும்போது நாடாவின் பின்னால் இருக்கும் சின்னக் கம்பளித் துண்டைப் பாருங்கள். அது கழன்று போயிருந்தால் பாட்டு மங்கலாகவும் விட்டுவிட்டும் கேட்கும். அறுந்த நாடாவைச் சாதாரண செலோடேப்பால் ஒட்டுவது பாவம். பசை கசிந்து அடுத்த சுற்றையும் பிடித்துக்கொள்ளும். அதற்கென்றே ஒட்டுநாடா இருக்கிறது.

போட்டுக் கேட்கும் நாளில், ஒவ்வொரு கசெட்டுக்கும் பிறகு ஹெட்டை ஐசோபுரோப்பைல் அல்ககோல் தொட்ட பஞ்சால் துடையுங்கள். முதலில் ஒருமுறை முழுக்க முன்னும் பின்னும் சுற்றி, நாடாவைத் தளர்த்திய பிறகே பிளே. ஹெட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திருகாணி இருக்கும். பதிவு செய்த பிளேயரின் ஹெட் கொஞ்சம் சாய்ந்திருந்தால் உங்கள் பிளேயரில் சத்தம் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். அந்த ஆணியை மயிரிழை திருப்பினால் தாளத்தட்டின் 'சிங்' திடீரென்று திறக்கும். அந்த இடத்தில் விடுங்கள்.

கணினியில் ஏற்ற, பிளேயரின் 'லைன் அவுட்' துளை வழியாக எடுத்து, ஓடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் வேவ் கோப்பாகச் சேமியுங்கள். பதிவின் தரம் 24 பிட், 48 கிலோஹேட்ஸ் போதும். சி-60 என்ற ஒரு மணி நேரக் கசெட் ஒன்றுக்கு ஏறக்குறைய ஒரு ஜீபீ போகும். இரைச்சல் நீக்குவதைப் பிரதியில் மட்டும் செய்யுங்கள், மூலக் கோப்பை அப்படியே வையுங்கள்.

அண்ணன் எறியச் சொன்ன ஹிட் பாடல்கள் ஓர் இடத்தில் உதவும். பற்றரி இறங்கிய றேடியோவில் பதிவானவை மோட்டார் மெதுவாக ஓடியபோது பதிந்தவை. இன்று சரியான வேகத்தில் போட்டால் எல்லாரும் சின்னப்பிள்ளைக் குரலில் பாடுவார்கள். அதே கசெட்டில் ஒரு அபா பாட்டு இருந்தால் அதிர்ஷ்டம். இணையத்தில் உள்ள பிரதியோடு ஒப்பிட்டு, அந்தப் பாட்டு அதே வேகத்துக்கு வர எத்தனை வீதம் குறைக்க வேண்டுமோ அத்தனை வீதம் அதன் பக்கத்துப் பாடல்களையும் குறையுங்கள். அறிவிப்பாளரின் குரலும் தன் இடத்துக்கு வரும்.

இசைத்தட்டுகளை நிமிர்த்தி வையுங்கள், படுக்கையாக அடுக்க வேண்டாம். அவற்றில் பாரமான, சுண்டினால் பீங்கான்போல் ஒலிக்கும் நிமிடத்துக்கு 78 தரம் சுற்றும் பழைய தட்டு இருந்தால் அல்ககோல் கிட்டவே போகக் கூடாது. அது அரக்கால் ஆனது, கரைந்துவிடும்.

புதிதாக வாங்கிச் சேர்க்க ஆசை வந்தால் சி-120 வேண்டாம். நாடா மிக மெல்லியது, சிக்கிக்கொள்ளும். மூக்கையும் நம்புங்கள். உறையைத் திறந்ததும் மழைக்கால அலுமாரி வாசம் அடித்தால் விலை எவ்வளவு குறைவானாலும் விட்டுவிடுங்கள்.

கடைசியாக, அலுமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள், காற்றுப் போகட்டும். பூச்சி வராதென்று அந்துருண்டை போடாதீர்கள், அதன் ஆவி பிளாஸ்டிக் பெட்டிகளை இளக்கும். அப்பாவின் கையெழுத்து அட்டைகளைப் படமெடுத்துக் கோப்போடு சேர்த்து வையுங்கள். எந்தப் பாட்டு எந்த ஆண்டு பதிந்தது என்பதற்கு உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அதுதான்.