ஜாவாஸ்கிரிப்ட் அரேக்களுக்கு 'பார்ட்டிஷன்' என்றொரு மெத்தட் சேர்க்கச் சொன்னால் ஏற்பார்களா?

ஏற்க வாய்ப்பு உண்டு. ஆனால் நீங்கள் கேள்வியில் சொல்லியிருக்கும் காரணத்துக்காக ஏற்க மாட்டார்கள்.

'ரூபி, கோட்லின், ரஸ்ட் எல்லாவற்றிலும் இருக்கிறது. இங்கே மட்டும் ஒரு அரேயை நிபந்தனைப்படி இரண்டாகப் பிரிக்க ஃபில்டரை (நிபந்தனைக்குத் தேறியவற்றை மட்டும் எடுத்துத் தரும் மெத்தட்) இரண்டு முறை எழுத வேண்டியிருக்கிறது. இது வந்தால் ஒரு வரி மிச்சம்' என்கிறீர்கள். ஒரு வரி மிச்சம் என்ற வாதம், ஜாவாஸ்கிரிப்டின் தரத்தை வகுக்கும் டிசி39 என்ற மொழிக்குழுவிடம் எடுபடாது. 'அதை நீங்களே ஒரு ஃபங்ஷனாக எழுதி வைத்துக்கொள்ளலாமே' என்று முதல் நிமிடத்திலேயே கேட்டு முடித்துவிடுவார்கள்.

உள்ளே வந்த மெத்தட்களைப் பாருங்கள். 2016 பதிப்பில், ஒரு மதிப்பு அரேயில் இருக்கிறதா என்று சொல்லும் 'இன்க்ளூட்ஸ்' வந்தது. அதற்கு முன் 'இன்டெக்ஸ்ஆஃப்' போட்டு -1 வருகிறதா என்று பார்த்தோம். அரேக்குள் 'நாட் எ நம்பர்' மதிப்பு இருந்தால் அது கண்ணில் படவே படாது. 2022இல், -1 கொடுத்தால் கடைசி உறுப்பைத் தரும் 'அட்' வந்தது. கடைசி உறுப்பு வேண்டும் என்று பைத்தான் பழக்கத்தில் [-1] போட்டால் ஜாவாஸ்கிரிப்ட் பிழை எதுவும் காட்டாமல் 'அன்டிஃபைன்ட்' என்று கையில் கொடுத்துவிடும். 2023இல் வந்தது, மூல அரேயைத் தொடாமல் வரிசைப்படுத்தித் தரும் 'டூசார்ட்டட்'. பழைய 'சார்ட்' மூல அரேயையே கலைத்துப் போடுவதால் எத்தனை பேர் இரவெல்லாம் பிழை தேடியிருப்பார்கள்! இவை இல்லாத காலத்தில் எழுதப்பட்ட நிரல் நீளமாக இருந்தது என்பதல்ல விஷயம். அது தப்பாக இருந்தது, தப்பு என்றும் தெரியவில்லை. உங்கள் பார்ட்டிஷனுக்கும் அப்படி ஒரு தப்பைக் காட்ட வேண்டும்.

காட்ட முடியும் என்றே நினைக்கிறேன். லாகின் செஷன்கள் ஓர் அரேயில் இருக்கின்றன என்று வையுங்கள். முதல் ஃபில்டர் காலாவதியானவற்றை எடுக்கிறது, இரண்டாவது ஃபில்டர் இன்னும் செல்லுபடியாகிறவற்றை எடுக்கிறது. இரண்டுமே நிபந்தனைக்குள் 'இப்போது மணி என்ன' என்று தனித்தனியாகக் கேட்கின்றன. முதல் ஃபில்டர் பார்த்தபோது ஒரு செஷனுக்கு ஒரு மில்லிசெகண்ட் பாக்கி இருந்தது, அதனால் விட்டுவிட்டது. இரண்டாவது ஃபில்டர் அதனிடம் வரும்போது நேரம் முடிந்துவிட்டது, அதுவும் எடுக்கவில்லை. அந்தச் செஷன் இரண்டு பட்டியலிலும் இல்லை! ஃபில்டர்களின் வரிசையை மாற்றினால் அது இரண்டிலும் இருக்கும். சோதனைகளில் இது சிக்கவே சிக்காது. ஒவ்வோர் உறுப்புக்கும் நிபந்தனையை ஒரே ஒரு முறை கேட்டு, ஏதோ ஒரு பக்கம் கண்டிப்பாகப் போடுகிற மெத்தட்டில் இது நடக்க வழியே இல்லை.

'நேரத்தை முன்பே ஒரு வேரியபிளில் எடுத்து வைத்துக்கொள்ளலாமே' என்பார்கள். உண்மைதான். அப்படி எடுத்து வைக்காமல் எழுதிய நிரல் வெளியே எவ்வளவு இருக்கிறது என்று தேடிக் காட்டுவது உங்கள் வேலை. (சரங்களில் தேட உதவும் ரெகுலர் எக்ஸ்பிரஷனில், விட்ட இடத்திலிருந்து தேடச் செய்யும் குளோபல் கொடி போட்டு, ஃபில்டருக்குள் 'டெஸ்ட்' கூப்பிட்டு விடைகள் மாறி மாறி வருவதை எடுத்துக்காட்டாகக் கொண்டுபோய்விடாதீர்கள். அந்தக் குழப்பம் பார்ட்டிஷன் வந்தாலும் தீராது.)

அடுத்து, '2024இல்தான் உறுப்புகளைக் குழுக்களாகப் பிரிக்கும் குரூப்பை (groupBy) கொடுத்துவிட்டோமே' என்ற மறுப்பு வரும். இதற்குப் பதில் எளிது. ஆப்ஜெக்டின் குரூப்பையில் குழுவின் பெயர்கள் 'ட்ரூ', 'ஃபால்ஸ்' என்ற சரங்களாக மாறிவிடும். ஒரு பக்கம் யாருமே சேரவில்லை என்றால் காலி அரே வராது, அந்தக் குழுவே இருக்காது. அதன் நீளத்தைக் கேட்ட இடத்தில் நிரல் விழும். நிபந்தனை 1, 0 என்று விடை கொடுத்தால் அந்தப் பெயர்களில் குழுக்கள் உருவாகும், நீங்கள் ட்ரூவைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

உண்மையில் சிக்கல் வேறிடத்தில். எது முதலில் வரும்? ரூபி, ரஸ்ட், கோட்லின் மூன்றிலும் தேறியவை முதலில், தேறாதவை பிறகு. பைத்தானின் இட்டர்டூல்ஸ் நூலக ஆவணத்தில் உள்ள பார்ட்டிஷன் செய்முறையோ தேறாதவற்றை முதலில் தருகிறது. ஸ்விஃப்ட் புதிய அரே எதுவும் தராது: இருப்பதையே இடம் மாற்றி, தேறியவற்றைப் பின்னால் தள்ளி, பிரிவு தொடங்கும் இண்டெக்ஸைத் தரும். சி++ இருப்பதையே மாற்றும், ஆனால் தேறியவற்றை முன்னால் வைக்கும். ஒரே பெயருக்கு இத்தனை நடத்தைகள். வேறு மொழியிலிருந்து வருகிறவர் இரண்டையும் மாற்றிப் பிடித்துக்கொண்டால் பிழைச் செய்தி எதுவும் வராது, தலைகீழான விடைதான் வரும். மௌனத் தப்பை ஒழிக்கிறேன் என்று போய் இன்னொரு மௌனத் தப்பைக் கொண்டுவருகிறீர்கள் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வீர்கள்? நானாக இருந்தால் இரண்டு அரேக்கள் கொண்ட ஜோடிக்குப் பதிலாகப் பெயரிட்ட இரண்டு பண்புகள் கொண்ட ஆப்ஜெக்டைத் திருப்பித் தரச் சொல்வேன். எழுத்துக் கூடும், பரவாயில்லை.

பெயரும் உங்கள் கையில் இல்லை. 2018இல் 'ஃப்ளாட்டன்' என்ற பெயரில் ஒரு மெத்தட் வரவிருந்தது. மூடூல்ஸ் என்ற பழைய நூலகம் அதே பெயரில் தன்னுடைய மெத்தட்டை அரேயில் ஒட்டி, பிறகு அரேயின் மெத்தட்களை லூப் போட்டு எண்ணி வேறோர் இடத்துக்கு நகலெடுக்கும். பிரவுசரே ஃப்ளாட்டனைக் கொடுத்தபோது அது லூப்பின் கண்ணுக்குத் தெரியாத பண்பாக அமைந்தது. நூலகம் மேலெழுதிய பின்னும் அந்தக் குணம் மாறவில்லை, நகல் விட்டுப்போனது. யாரும் கை வைக்காத பழைய தளங்கள் உடைந்தன. கடைசியில் 'ஃப்ளாட்' என்று பெயர் மாற்றினார்கள். குரூப்பையும் முதலில் அரேயின் மெத்தட்டாகத்தான் வர இருந்தது. சுகர் என்ற நூலகத்தோடு மோதியதால் ஆப்ஜெக்டுக்கும் மேப்புக்கும் போய்ச் சேர்ந்தது. புரோட்டோடைப் என்ற பழைய நூலகம் அரேக்களுக்குப் 'பார்ட்டிஷன்' என்ற பெயரிலேயே ஒன்று வைத்திருக்கிறது. எனவே மாற்றுப் பெயர் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நடைமுறை இதுதான்: டிசி39 குழு உறுப்பினர் ஒருவர் உங்கள் யோசனையைத் தூக்கிச் சுமக்க முன்வர வேண்டும். அப்படி ஒருவர் இல்லாமல் அது முதல் படியான பூஜ்யக் கட்டத்திலிருந்து நகராது. கடைசிக் கட்டமான நான்கை எட்ட, டெஸ்ட்262 என்ற அதிகாரபூர்வ சோதனைத் தொகுப்பில் தேறும் இரண்டு இம்ப்ளிமென்டேஷன்கள் (பிரவுசர் இன்ஜின் போன்றவற்றில் அதைச் செயல்படுத்திய நிரல்கள்) வேண்டும். ஆண்டுக்கணக்கில் ஆகும். ஒரு முறை வேண்டாம் என்றால் அதோடு போயிற்று என்றும் இல்லை. பிஎச்பியில் முதல், கடைசி கீயைத் தரும் ஃபங்ஷன்கள் 2018இல் 7.3 பதிப்பில் வந்தன. அதே முன்மொழிவில் முதல், கடைசி மதிப்பைத் தரும் ஃபங்ஷன்களும் இருந்தன, அவை வாக்கெடுப்பில் தோற்றன. 2025இல் 8.5 பதிப்பில் வேறு பெயரில் உள்ளே வந்துவிட்டன.

ஆகவே முன்மொழிவை எழுத உட்காரும் முன், திறமூல நிரல்களில் ஒரே அரே மேல் அடுத்தடுத்து இரண்டு ஃபில்டர் இருக்கும் இடங்களைத் தேடுங்கள். அதில் நிபந்தனையைத் தலைகீழாக்கும்போது தவறியவை, நேரத்தை இரண்டு முறை கேட்பவை எவை என்று பிரித்து வையுங்கள். அப்படி நாலைந்து இடங்கள் கிடைத்தாலே ஓர் உறுப்பினரைத் தைரியமாக அணுகலாம். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்றால் லோடாஷ் என்ற நூலகத்தில் பார்ட்டிஷன் ஏற்கெனவே இருக்கிறது, அதை எடுத்துப் பயன்படுத்துங்கள்.